ஐந்தாவது பாட்டில்

கரிசாலிட்டோ என்ற மலைக் கிராமத்தில் நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் ஒரே கிணறு. மோட்டார், குளோரின், மேட்டுத் தொட்டி எல்லாம் ஒனோஃப்ரேயின் பொறுப்பு. ஊர்த் தண்ணீர்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பாட்டில்களும் காகிதங்களும் ஓர்லிண்டாவின் பொறுப்பு. அவள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஆனால் கையெழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் யாரோ அவள் பெயரைச் சொன்னார்கள். மறுப்பதென்றால் எல்லார் முன்னாலும் வாய் திறக்க வேண்டும். அதைவிட ஏற்றுக்கொள்வது எளிதாக இருந்தது.

மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வருடம் ஒரு முறை வேறு சிலவற்றுக்கு. மூன்று வருடங்களுக்கு ஒரு முறை ஈயத்துக்கு. எல்லா எண்களையும் ஒரே தாளில் எழுதி ஜூன் மாதம் வீட்டுக்கு வீடு அறிக்கையாகப் போட வேண்டும். அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பு மூட்ட எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதும் தெரியும்.

அது ஈயம் பார்க்கும் வருடம். பழைய செம்புக் குழாய் உள்ள ஐந்து வீடுகள் பட்டியலில் இருந்தன. ஈயம் கிணற்றில் இல்லை. குழாய் மூட்டுகளை ஒட்டவைக்க உருக்கி ஊற்றிய பற்றில் இருக்கிறது. மலைத் தண்ணீர் மென்மையானது. குழாயில் நின்றால் பற்றை அரித்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஆறு மணி நேரமாவது யாரும் தொடாமல் குழாயில் நின்ற தண்ணீரை, காலையில் திறந்த மாத்திரத்தில், முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். கூடவே ஒரு சீட்டு. கடைசியாகத் தண்ணீர் திறந்த நேரம், பாட்டில் பிடித்த நேரம் என்று அதில் இரண்டு கட்டங்கள். வீட்டுக்காரர்கள்தான் நிரப்ப வேண்டும். ஒருவரும் நிரப்பமாட்டார்கள். எனவே ஓர்லிண்டா எல்லாச் சீட்டிலும் "இரவு 9.00" என்று எழுதிவிடுவாள். கரிசாலிட்டோவில் ஒன்பது மணிக்கு மேல் விழித்திருப்பவர்கள் நாய்கள்தான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவள் கிளம்பினாள். முதலில் தன் வீடு. பிறகு ஒனோஃப்ரேயின் வீடு. பிறகு எவுலோகியாவின் வீடு. நான்காவதாகக் கிழவர் திரான்சிட்டோவின் வீடு. அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"தண்ணி தொறந்தீங்களா?"

"தொறக்கல."

"ராத்திரி எந்திரிச்சிருப்பீங்களே."

"நாலு தடவ எந்திரிச்சேன். நாலு தடவையும் ஆப்பிள் மரத்துக்குத்தான் போனேன். உன் சங்கத்துக்காக இந்தக் குளிர்ல வெளிய நின்னேன்னு எழுதிக்க."

"அதுக்குக் கட்டம் இல்ல."

"அப்ப கீழ எழுது. எடம் இருக்குல்ல."

ஐந்தாவது வீடு பெலார்மீனோவுடையது. அவளுடைய தம்பி. ஏழு மாதங்களுக்கு முன், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, குதிரைக் கொட்டகையில் வைக்கோல் கட்டைத் தூக்கிய நிலையிலேயே விழுந்து இறந்துபோனான். அவர்கள் குடும்பத்தில் சாவு நடந்த வீட்டை, இறந்தவருக்குத் தேவாலயத்தில் வருடத் திருப்பலி முடியும்வரை யாரும் புழங்குவதில்லை. பொருள் எதையும் நகர்த்துவதில்லை. சனிக்கிழமைகளில் சொந்தத்தில் ஒருவர் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஓர்லிண்டா போய் வந்துகொண்டிருந்தாள். ஏற்றுவாள், அது எரிந்து முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், பூட்டுவாள். அழுகை வரவில்லை. வரும் என்று முதல் மாதம் காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது.

அன்றும் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பட்டியலில் அவன் பெயர் இருந்தது, சாவி அவளிடம் இருந்தது, கை பழகிய வேலையைச் செய்தது. சமையலறைக் குழாயைத் திருப்பியதும் அது இருமியது. காற்றாகச் சீறி, பிறகு ஊற்றியது. பாட்டிலைப் பிடித்து மூடினாள். சீட்டில் எழுதினாள்: இரவு 9.00. காலை 5.40. பெயர்: பெலார்மீனோ.

ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் குழாயைத் தொடவில்லை என்பது எழுதும்போது அவள் நினைவுக்கு வரவில்லை. பாட்டில்களைப் பெட்டியில் வைத்து அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்து மிளகாய் சுட்டுத் தோலுரித்தாள்.

ஐந்து வாரம் கழித்து மாநில அலுவலகத்திலிருந்து ரோனெல் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். மாதாமாதம் பேசுகிறவள்தான்.

"ஓர்லிண்டாம்மா, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுட்டிருக்கேன்."

"உக்காருங்க. நாலு வீடு நல்லா இருக்கு. ஈயம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னுதான் வந்திருக்கு. அஞ்சாவது வீடு எண்பத்தெட்டு."

எல்லை லிட்டருக்குப் பதினைந்து மைக்ரோகிராம். ஐந்து பாட்டில்கள் மட்டுமே என்பதால் பெரிய எண்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். எண்பத்தெட்டும் நான்கும் தொண்ணூற்றிரண்டு. பாதி நாற்பத்தாறு. ஓர்லிண்டா அதை உறை ஒன்றின் பின்பக்கம் போட்டுப் பார்த்தாள். ஊர் முழுவதற்கும் ஈயம் எல்லை தாண்டியது என்று ஆகிறது. நாற்பத்து மூன்று வீட்டுக்கும் எச்சரிக்கைத் தாள் போக வேண்டும், குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ரோனெல் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு நிறுத்தினாள்.

"அந்த வீட்ல ஏதாவது மாறியிருக்கா? போன தடவ ஏழுதான். ஒருவேள வீடு காலியா இருந்துச்சா?"

ஓர்லிண்டா உறையைத் திருப்பி வைத்தாள்.

"காலியா இருந்தா அது கணக்குல வராது. ஆள் பொழங்கற வீட்டுத் தண்ணியத்தான் எடுக்கணும். எந்தத் தேதியிலேருந்து காலின்னு எழுதி, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. நான் தள்ளிடறேன். இருபது நாளைக்குள்ள வேற பாட்டில் பிடிச்சாப் போதும்."

மாலைக்குள் ஒனோஃப்ரே கடிதத்தோடு வந்துவிட்டார். பெரியப்பா மகன், எழுபது வயது, சத்தமாகப் பேசுகிறவர். கடிதத்தை அவரே தட்டச்சு செய்திருந்தார். ஒரே வரி. பிப்ரவரி ஒன்பது முதல் அந்த வீட்டில் யாரும் வசிக்கவில்லை.

"கையெழுத்து மட்டும் போடு. மீதியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"வெச்சிட்டுப் போங்கண்ணே."

"வெச்சிட்டுப் போறதுக்கு இது என்ன ரொட்டியா? போடு."

"படிச்சிட்டுப் போடறேன்."

"ஒரு வரி. அத எத்தன நாளு படிப்ப?" அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "இங்க பாரு. மூணு வீடு வித்துப்போச்சு. தண்ணில ஈயம்னு ஒரு தாள் வெளிய போனா மிச்சம் இருக்கறவனும் வண்டியக் கெளப்பிடுவான். புது பாட்டில பிதேலியா வீட்ல பிடிச்சிடலாம். அதுவும் செம்புக் குழாய்தான், ஆனா அவ வீட்டுக்காரன் பத்து வருஷம் முன்ன பாதிய மாத்திட்டான். ரெண்டு வரும், மூணு வரும். முடிஞ்சுது."

"பெலார்மீனோ வீடு?"

"அது காலிதானே."

அவள் கடிதத்தைப் பார்த்தாள். யாரும் வசிக்கவில்லை. சாவு அறிவிப்பில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், சவப்பெட்டிக் காகிதத்தில் போட்டிருக்கிறாள். இதில் ஏன் கை போகவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. தூங்கும்போது உடம்புக்கு அடியில் அகப்பட்ட கையைப்போல் இருந்தது. தன்னுடையதுதான், ஆனால் தூக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மார்சலீனா கூப்பிட்டாள். பெலார்மீனோவின் ஒரே மகள், முப்பத்தோரு வயது, நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஜனவரியில் குழந்தை பிறக்க இருந்தது. வருடத் திருப்பலி முடிந்ததும் கணவன் எலாடியோவோடு அப்பாவின் வீட்டுக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"அத்த, சமையக்கட்டு நீளம் எவ்ளோன்னு அளந்து சொல்றியா? எலாடியோ அலமாரி பண்றேன்னு நிக்கிறான். அவன் பண்ற அலமாரில தட்டு நிக்குமான்னு தெரியல, ஆனா பண்ணட்டும்."

"அளந்து சொல்றேன்."

"பாப்பாவுக்கு மூணு மாசம் ஆனதும் நான் வேலைக்குப் போயிடுவேன். கீழ ஊர்ல மருந்துக் கடைல கேட்டு வெச்சிருக்கேன். நீதான் பாத்துக்கணும்."

"பாலு?"

"பவுடர்தான். தண்ணி சுட வெச்சுக் கலக்குனா ஆச்சு. உனக்குத் தெரியாததா."

தண்ணீரைச் சுட வைத்தால் கிருமி சாகும். ஈயம் போகாது, ஆவியாகிற அளவுக்கு இன்னும் கெட்டிப்படும். அறிக்கையின் நான்காவது பத்தியில் வருடாவருடம் அவள் எழுதிப்போட்ட வாக்கியம் அது. வாய்வரை வந்தது. "சரி" என்று மட்டும் சொன்னாள்.

பேசி முடித்ததும் ஒனோஃப்ரேயின் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்து வைத்தாள். அந்த ஒரு வரி போனால் எண்பத்தெட்டு இல்லாமல் போகும். பிதேலியா வீட்டு எண் அதன் இடத்துக்கு வரும். ஜூன் அறிக்கையில் எல்லாம் எல்லைக்குள் இருக்கும். அந்தக் குழாய் எப்படி இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல், அதிலிருந்து பால் கலக்கப்படும். எண்பத்தெட்டு என்பது ஏழு மாதம் நின்ற தண்ணீர். ஆள் வாழும் வீடாக இருந்தால் எவ்வளவு? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் தன் கையாலேயே எழுதினாள். வீடு பிப்ரவரி ஒன்பதிலிருந்து காலி. அங்கே வசித்த என் தம்பி இறந்துவிட்டான். சீட்டில் இரவு ஒன்பது மணி என்று எழுதியது நான். அது நடக்காத விஷயம். கையெழுத்துப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் ஓடியது. உறையை ஒட்டினாள்.

பிறகு ரோனெலைக் கூப்பிட்டு, அதே குழாயில் மறுபடி பிடிக்கலாமா என்று கேட்டாள்.

"பிடிக்கலாம். அதே எடம்னா இன்னும் நல்லதுதான். ஆனா யாராவது அங்க குடியிருக்கணுமே, ஓர்லிண்டாம்மா. சமைச்சு, குளிச்சு, துவைச்சு."

"இருப்பாங்க."

"யாரு?"

"நான்."

விஷயம் தெரிந்ததும் ஒனோஃப்ரே வண்டியை வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார்.

"ஒனக்கு என்ன ஆச்சு? ஒரு வரில முடிய வேண்டியத மூணு வரி எழுதி ஒன் பேர நீயே கெடுத்துக்கிட்ட. இப்ப அதே குழாய்லயா? மறுபடி எகிறுச்சுன்னா சாக்குச் சொல்ல வீடு காலின்னும் இருக்காது."

"தெரியும்."

"வருஷம் முடியாம அந்த வீட்ல அடுப்பு ஏத்தப் போறியாம். எவுலோகியா ஊரு பூரா சொல்லிட்டா."

"அவ சொல்லுவான்னும் தெரியும்."

"எல்லாம் தெரியுது, புத்தி மட்டும் தெரியல." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அந்தத் தண்ணியக் குடிக்காத. என் வீட்லேருந்து ரெண்டு கேன் தரேன்."

"நான் குடிக்காட்டி அது எப்படிக் குடியிருக்கற வீடாகும்ண்ணே?"

ஒனோஃப்ரே தொப்பியைப் போட்டுக்கொண்டார். வண்டிக்குள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். மறுநாள் காலை ஒரு கட்டு விறகு மட்டும் பெலார்மீனோ வீட்டு வாசலில் கிடந்தது.

அவள் ஒரு பையில் நான்கு துணியும் ஒரு போர்வையும் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டாள். முதலில் பழுப்பாக வந்தது. அரை மணி நேரம் ஓடியபின் தெளிந்தது. அவரை விதைகளை ஊற வைத்தாள். தரையைத் துடைத்தாள். அவனுடைய சட்டைகளைத் தொடாமல், தன் துணிகளை மட்டும் அலசிக் கொடியில் போட்டாள். எவுலோகியா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"காயறது யாரு துணி?"

"என்னோடது."

"நல்லவேள. அவன்தான் எந்திரிச்சு வந்துட்டானோன்னு பாத்தேன்." சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "ஒப்பாரி வெச்சு அழுதியா, இல்லையா நீ? அன்னிக்கு அடக்கத்துலயும் மரம் மாதிரி நின்ன."

"இன்னும் இல்ல."

"அதான் இப்படிக் கிறுக்குத்தனமா வருது," என்றாள் எவுலோகியா. திட்டியதுபோலவும் இருந்தது, அனுதாபம் போலவும் இருந்தது. ஒரு தட்டில் மூடியிருந்த பூசணிப் பணியாரத்தை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பன்னிரண்டு நாட்கள் அங்கே இருந்தாள். சமைத்தாள், குளித்தாள், குடித்தாள். தண்ணீரில் எந்தச் சுவையும் இல்லை. ஈயத்துக்குச் சுவை கிடையாது என்றும் அவள் அறிக்கையில் எழுதியதுண்டு. அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவனைப் பற்றி ஏதாவது தோன்றும் என்று பார்ப்பாள். தோன்றுவது எல்லாம் சின்ன விஷயங்கள்தான். மேசைக் கால் ஆடுகிறது. உப்பு ஜாடிக்கு மூடி இல்லை.

ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்து காப்பி போட எழுந்தாள். அடுப்பின் பின்பக்கத்தில் அவனுடைய நீலக் காப்பிப் பாத்திரம் இருந்தது. எடுத்துக் குழாயின் கீழே பிடித்தாள். தண்ணீர் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டபடி நின்றவள், குழாயை அப்படியே நிறுத்தினாள்.

பெலார்மீனோ நான்கு மணிக்கு எழுகிறவன். எழுந்ததும் முதல் வேலை காப்பி. ஈயம் பார்க்கிற வருடங்களில் அவள் ஐந்தரைக்கு வந்தால், வாசலிலேயே நிரப்பிய பாட்டிலோடு நிற்பான். "இந்தா, ஒன்னோட தீர்த்தம்" என்பான். உள்ளே அடுப்பில் இந்தப் பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். மூடி ஈரமாக இருக்கும். ஆறு தடவை. ஆறு தடவையும் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். எதையும் பார்க்காமல் விடுகிற கண் இல்லை அவளுடையது. கெட்ட தண்ணீர் முதலில் வந்து காப்பிப் பாத்திரத்துக்குள் போயிருக்கிறது. அதற்கடுத்து வந்த நல்ல தண்ணீர் அவளுடைய பாட்டிலுக்குள் வந்திருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு என்று எண்கள் வந்தன. அவளும் சீட்டில் எழுதினாள்: இரவு 9.00.

இப்போதாவது உள்ளே ஏதாவது உடையும் என்று ஒரு கணம் நினைத்தாள். கை மட்டும் குளிர்ந்தது. பாத்திரம் கனத்தது. அதைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அன்று காப்பி குடிக்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் மாலை, சரியாக ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குத் தட்டைக் கழுவிக் குழாயை மூடினாள். கழிப்பறைக்குப் பக்கெட்டில் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தாள். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேறு எதையும் தொடாமல், முதல் லிட்டரைப் பிடித்தாள். சீட்டில் நிஜமான நேரத்தை எழுதினாள். பத்தொன்பது வருடங்களில் அந்தக் கட்டத்தில் ஒன்பது மணி இல்லாத முதல் சீட்டு அதுதான்.

எண் இருபது வந்தது.

இருபதும் நான்கும் இருபத்து நான்கு. பாதி பன்னிரண்டு. ஊர் எல்லைக்குள் நின்றது. எச்சரிக்கைத் தாள் வேண்டியதில்லை. ஒனோஃப்ரே செய்தி கேட்டு மேசையைத் தட்டினார்.

"தப்பிச்சோம்."

"ஊரு தப்பிச்சுது. வீடு தப்பல."

"இருபதுதானே. ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. நாமெல்லாம் அதக் குடிச்சு வளந்த உடம்பு."

"பாப்பாவுக்கு?"

அவர் தட்டுவதை நிறுத்தினார். "அவகிட்ட நான் பேசட்டுமா?" என்று கேட்டார். பேசுவது அவருக்கு எளிது, அவளுக்குக் கஷ்டம் என்பது இருவருக்கும் தெரியும். ஓர்லிண்டா தலையை ஆட்டி மறுத்தாள்.

தொலைபேசியில் எண்ணை அழுத்தும்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையில் வைத்திருந்தாள். முதல் வரியை அப்படியே படித்தாள். அந்த வீட்டுக் குழாயில் ஈயம் இருக்கிறது, இருபது, குழந்தைக்கு ஆகாது, குழாயை மாற்றாமல் வரக் கூடாது.

மார்சலீனா சத்தம் போடவில்லை. "எங்கேருந்து வருது?" என்றாள்.

"குழாயப் பத்த வெச்சது. ஒங்கப்பா தானே வெச்சான். நீ பொறக்கறதுக்கு நாலு வருஷம் முன்னாடி."

"அப்போ அப்பா இதத்தான் குடிச்சாரா? அவ்ளோ வருஷமும்?"

"ஆமா."

மறுமுனையில் தெருச் சத்தம் கேட்டது. பேருந்து ஒன்று நின்று கிளம்பியது.

"நானும் அத்த."

அதை ஓர்லிண்டா நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றியே இத்தனை வாரமும் யோசித்திருந்தாள். அந்தச் சமையலறையில் ஏற்கெனவே ஒரு குழந்தை வளர்ந்தது. அந்த மேசையருகே உட்கார்ந்து அவளே அதற்குப் புட்டியில் பால் கொடுத்திருக்கிறாள். ஒனோஃப்ரே சொன்னதுபோல வளர்ந்துவிட்ட உடம்பு. காகிதத்தில் இதற்கு வரி இல்லை.

"ஆமா. நீயும்," என்றாள்.

"ஆனா நீ பாத்துட்டுத்தானே இருந்த. மூணு வருஷத்துக்கு ஒருக்கா. நான் சின்னப் புள்ளயா இருக்கறப்போ ஐஸ் பெட்டி மாதிரி ஒண்ணத் தூக்கிட்டு வருவியே."

"பாத்தேன். தப்பா பாத்தேன்." பிறகு இரண்டாவது வரியைப் படித்தாள். நான்கு மணிக் காப்பியை, ஈரப் பாத்திரத்தை, ஒன்பது மணியை.

"உனக்குத் தெரிஞ்சிருந்துச்சா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சுது. யோசிக்கல."

"சரி அத்த," என்றாள் மார்சலீனா. "நான் அப்புறம் பேசறேன்." அப்புறம் என்பது மூன்று வாரம் கழித்து வந்தது. எலாடியோதான் பேசினான். குழாயை மாற்ற எத்தனை அடி வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

டிசம்பரில் ஒனோஃப்ரே ரம்பத்தோடு பெலார்மீனோவின் வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். சுவரோரமாகப் போன குழாயைத் துண்டு துண்டாக அறுத்து வெளியே தள்ளினார். ஒவ்வொரு மூட்டிலும் பற்று தடித்துச் சாம்பல் நிறத்தில் வழிந்திருந்தது.

"பாரு இத. ரெண்டு சொட்டு போதும்னா ரெண்டு கரண்டி ஊத்தியிருக்கான். ரேடியேட்டர் ஒட்ற ஈயம். அன்னிக்கே சொன்னேன், காசு குடுத்து ஆள வெய்யின்னு. நான் என்ன கையில்லாதவனான்னான்." கீழே இருந்தபடியே ஒரு முறை சிரித்தார். பிறகு அடுத்த மூட்டில் ரம்பத்தை வைத்தார்.

பிப்ரவரியில் வருடத் திருப்பலி நடந்தது. மார்சலீனா நான்கு வாரக் குழந்தையோடு வந்தாள். அத்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள், அருகிலேயே உட்கார்ந்தாள், குழந்தையை மடியில் கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரலில் சாமான்களோடு குடிவந்தார்கள். இரண்டு வாரம் அவர்கள் புழங்கிய பிறகு ஓர்லிண்டா பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மார்சலீனா தானே பிடித்து, தானே சீட்டை நிரப்பிக் கொண்டுவந்தாள். எண் ஒன்றுக்கும் கீழே வந்தது.

மே மாதக் கடைசியில் ஓர்லிண்டா அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். போன வருடத்து எண்கள்தான் அதில் போக வேண்டும். ஈயத்துக்கு ஒரு வரிசை: எல்லை பதினைந்து, ஊர் பன்னிரண்டு, எல்லை தாண்டிய வீடுகள் ஒன்று. மாநிலம் கொடுத்த தாளில் அதற்கு மேல் சொல்ல இடம் இல்லை. ஒனோஃப்ரே தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒண்ண யாரும் பாக்கப்போறதில்ல."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீழே ஓரத்தில் இடம் இருந்தது. பழைய செம்புக் குழாய் உள்ளவர்கள் காலையில் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே காப்பிக்குப் பிடிக்கவும், கொதிக்கவைத்தால் ஈயம் போகாது, பாட்டில் சீட்டை வீட்டுக்காரரே நிரப்ப வேண்டும், இனி நான் நிரப்ப மாட்டேன் என்று கையால் எழுதினாள். அதையும் சேர்த்து நாற்பத்து மூன்று நகல் எடுத்தாள்.

ஜூன் முதல் சனிக்கிழமை வீடு வீடாகப் போட்டுக்கொண்டு போனாள். பெலார்மீனோவின் வீட்டுக்கு வந்தபோது மார்சலீனாவின் கார் அப்போதுதான் வந்து நின்றது. பின் இருக்கையில் குழந்தை தூங்கியது. மார்சலீனா தாளை வாங்கி, காரின் கூரைமேல் விரித்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள். கரிசாலிட்டோவில் யாரும் அப்படிப் படித்து ஓர்லிண்டா பார்த்ததில்லை. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த ஒண்ணு நாமளா?"

"ஆமா. போன வருஷத்துது. இப்ப இல்ல. இப்ப வந்த எண்ணு ஒங்கிட்ட இருக்கு."

"இருக்கு அத்த. ஃபிரிட்ஜுல ஒட்டி வெச்சிருக்கேன்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு காரின் பின் கதவைத் தூக்கினாள். கடையில் வாங்கிய தண்ணீர் கேன்கள், மொத்தம் ஆறு, இரண்டு வரிசையாக நின்றன. மார்சலீனா அவற்றைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து, "பாப்பா எந்திரிக்கறதுக்குள்ள எறக்கிடணும்" என்றாள்.

"நீ கொழந்தையத் தூக்கு," என்றாள் ஓர்லிண்டா.

கையிலிருந்த மீதி அறிக்கைகளைப் படியில் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தாள். கைக்கு ஒன்றாக இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிளாஸ்டிக் கைப்பிடி விரல்களை அறுத்தது. சமையலறையில் எலாடியோ செய்த அலமாரியின் கீழ்த்தட்டில், போன வாரத்துக் காலி கேன்களைத் தள்ளிவிட்டு, புதியவற்றை வரிசையாக அடுக்கினாள். பிறகு அடுத்த இரண்டை எடுக்க வெளியே வந்தாள்.